பாதி பேப்பரில், பாதி கணினியில்: மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் ஊழியர் ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: மாவட்டத் தலைநகர் ஒன்றில் 140 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில், எம்.ஆர்.டி. எனப்படும் மருத்துவப் பதிவேடுகள் பிரிவில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். நாங்கள் 4 பேர். எட்டு மாதத்துக்கு முன் இ.எம்.ஆர்., அதாவது கணினியில் மருத்துவப் பதிவு, வந்தது. ஓ.பி.யில் டாக்டர்கள் கணினியில் பதிகிறார்கள். வார்டில் நர்ஸ்கள் இன்னும் பேப்பரில்தான் எழுதுகிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி கணினியில். வேலை குறையும் என்றார்கள், கூடியிருக்கிறது. இன்சூரன்ஸுக்கு கேஸ் ஷீட் காப்பி எடுக்க முன்பு அரை மணி ஆகும், இப்போது அரை நாள் ஆகிறது. ஒரே நோயாளிக்கு இரண்டு, மூன்று நம்பர் இருக்கிறது. டாக்டர்கள் சம்மரியை முடிக்காமல் விட்டுவிட்டு, எங்களையே முடித்துவிடச் சொல்லி பாஸ்வேர்டு தருகிறார்கள். சர்வர் நின்றால் திட்டு எங்களுக்கு. பழைய ஃபைல்களை 2006லிருந்து வரிசையாக ஸ்கேன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையே, எங்களில் இருவரை பில்லிங்குக்கு மாற்றப்போவதாகப் பேச்சு. எங்கள் பிரிவே மூடப்படுமா? நான் இனி என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: நீங்கள் தனித்தனியாகச் சொல்லியிருக்கும் தொல்லைகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. உங்கள் மருத்துவமனை இ.எம்.ஆரை வாங்கிவிட்டது, பேப்பரை எந்தத் தேதியில் விடுவது என்று மட்டும் முடிவு செய்யவில்லை. இந்த இரட்டை நிலைமையில் எந்த எம்.ஆர்.டி.யும் வேகமாக இயங்க முடியாது. முழுப் பேப்பரில் ஒரு கட்டைத் தேடினால் போதும், முழுக் கணினியில் ஒரு திரையைத் திறந்தால் போதும். உங்களுடையதில் நான்கைந்து இடத்தில் தேட வேண்டியிருக்கிறது.

குடல்வால் அறுவை சிகிச்சைக்காக ஐந்து நாள் படுத்த ஒருவரின் கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்ப்போம். முதல் ஓ.பி. குறிப்பு இ.எம்.ஆரில். ரத்தப் பரிசோதனை முடிவு லேப் மென்பொருளில். ஸ்கேன் படம் ரேடியாலஜியின் தனி சர்வரில். ஒப்புதல் படிவம், மயக்க மருந்து சார்ட், நர்ஸ் குறிப்பு, மருந்து கொடுத்த சார்ட், டி.பி.ஆர். சார்ட் (காய்ச்சல், நாடி, மூச்சு அளவு) எல்லாம் பேப்பரில். ஆபரேஷன் நோட் சில டாக்டர்களுக்குக் கணினியில், சிலருக்குக் கையெழுத்தில். சம்மரி மறுபடி இ.எம்.ஆரில். இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து ‘இன்டோர் கேஸ் பேப்பர் முழுவதும் அனுப்புங்கள்’ என்று ஒரு வரி வந்தால், இத்தனையையும் நீங்கள்தான் கோர்த்து, வரிசைப்படுத்தி, எதுவும் விட்டுப்போகவில்லையா என்று பார்த்து அனுப்ப வேண்டும். அரை நாள் ஆவதில் வியப்பில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும், உங்கள் கட்டைப் பிரித்தால் கண்ணில் படும். லேப் முடிவு கணினியில் இருக்கிறது. வார்டில் அதை பிரிண்ட் எடுத்து கேஸ் ஷீட்டில் டேக் போட்டுக் கட்டுகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் அந்த பிரிண்டை நீங்கள் ஸ்கேன் செய்து திரும்பக் கணினியில் ஏற்றுகிறீர்கள். எழுத்தாகத் தேடக்கூடிய நிலையில் இருந்த ஒன்று காகிதமாகி, பிறகு படமாகி, இரண்டாம் முறை உள்ளே போகிறது. இடையில் பழைய பிரிண்டுக்கும் திருத்திய முடிவுக்கும் வித்தியாசம் வந்தால் எது மூலம் என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது ஒரே ஒரு தாள். இடப்பக்கம் கேஸ் ஷீட்டில் வரும் ஆவணங்களின் பெயர் (எண்ணினால் 20லிருந்து 30 வகை வரும்), அடுத்து ‘மூலம் எங்கே’, அடுத்து ‘பேப்பர் நிற்கும் தேதி’. மூன்றே பத்தி. முதல் இரண்டையும் நீங்களே நிரப்பிவிடலாம். மூன்றாவதை மருத்துவக் கண்காணிப்பாளர், நர்சிங் சூப்பரின்டென்டென்ட், ஐ.டி. ஆள் மூவரும் சேர்ந்து முடிவு செய்யும்படி கேளுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நாள் வைக்க வேண்டியதில்லை. லேப், ரேடியாலஜி ரிப்போர்ட் பிரிண்ட் அடுத்த மாதம் முதல் தேதியோடு நிற்கட்டும். டாக்டர் குறிப்பு அதற்கடுத்த மாதம். நர்ஸ் குறிப்பும் மருந்து சார்ட்டும் கடைசியில் வரட்டும், ஏனென்றால் அதற்கு வார்டில் படுக்கைக்குப் பக்கத்தில் கணினியோ டேப்லெட்டோ வேண்டும். அது இல்லாமல் மாற்றினால் நர்ஸ்கள் கையில் எழுதிவைத்து ஷிப்ட் முடிவில் மொத்தமாகத் தட்டுவார்கள். காலை 8 மணி மருந்து மதியம் 2 மணிக்குக் கொடுத்ததாகப் பதிவாகும். ஒப்புதல் படிவம் பேப்பரிலேயே இருக்கட்டும். கையெழுத்தும் கைரேகையும் வேண்டிய ஆவணம் அது.

தேதி குறித்த பிறகு ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். நிறுத்திய வகைப் பேப்பர் கேஸ் ஷீட்டில் வந்தால் அதை ஸ்கேன் செய்யாமல் வார்டுக்கே திருப்பி அனுப்புங்கள். ‘இந்த ஒரு தடவை’ என்று வாங்கிக்கொண்டால் மறுநாளிலிருந்து பழைய கதைதான்.

அடுத்தது பழைய ஃபைல்கள். 2006லிருந்து ஸ்கேன் செய்வதை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். அது தலைகீழ் வரிசை. உங்களிடம் 30,000 ஃபைல் இருப்பதாக வைத்துக்கொள்வோம், சராசரி 50 பக்கம். 15 லட்சம் பக்கம் ஆகிறது. ஸ்கேனர் நிமிடத்துக்கு 40 பக்கம் எடுக்கும் என்று விற்பவர் சொல்லுவார். பின் பிடுங்குவது, மடிப்பு நிமிர்த்துவது, பெயர் கொடுப்பது, சரிபார்ப்பது எல்லாம் சேர்ந்தால் ஒருவரால் ஒரு நாளில் 2,500 பக்கம் முடித்தாலே பெரிது. 600 வேலை நாள், அதாவது இரண்டு வருடம், ஒருவர் வேறெதையும் தொடாமல். அந்த இரண்டு வருடத்தில் முதலில் ஏறுவது எவருமே கேட்கப்போகாத ஃபைல்கள்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள், உள்நோயாளிப் பதிவேட்டைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. பல மருத்துவமனைகள் அதைவிடக் கூடுதலாக வைத்திருக்கின்றன. உங்களுடையது எத்தனை வருடம் என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்கேனிங்குக்கு முன் அந்தக் கொள்கையை நிர்வாகம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எம்.எல்.சி. (போலீஸ், சட்டம் தொடர்பான கேஸ்) கட்டுகள், ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பிகள், வழக்கில் உள்ளவை இவற்றைத் தனியே பிரித்துவிடுங்கள். வழக்கும் மேல்முறையீடும் முடியும்வரை இவற்றின் மூலத்தைத் தொடக்கூடாது, ஸ்கேன் செய்துவிட்டாலும்கூட. கருக்கலைப்புச் சேர்க்கைப் பதிவேடு சட்டப்படி ரகசிய ஆவணம், 5 ஆண்டு வைத்திருக்க வேண்டியது. அதை எல்லோரும் திறக்கும் ஃபோல்டரில் போட்டுவிடாதீர்கள்.

மீதமுள்ளவற்றுக்குச் சரியான வழி, வருகிற நோயாளியின் ஃபைலை மட்டும் ஸ்கேன் செய்வது. நாளைய அப்பாயின்ட்மென்ட் பட்டியலை இன்று மாலை எடுங்கள். அதில் பழைய ஃபைல் உள்ளவர்களுடையதை மட்டும் இறக்கி, முழுவதும் வேண்டாம், சம்மரி, ஆபரேஷன் நோட், பயாப்ஸி, அலர்ஜி குறிப்பு, கடைசி ஈ.சி.ஜி. இவ்வளவு போதும். ஒரு வருடத்தில் உங்கள் ஃபைல்களில் உயிரோட்டமானவை எல்லாம் உள்ளே வந்திருக்கும். அசையாமல் கிடப்பவை எவை என்பதும் தெரிந்திருக்கும்.

ஸ்கேன் செய்யும்போது எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அச்செழுத்துக்கு 200 டி.பி.ஐ. (ஸ்கேனின் நுணுக்க அளவு) போதும், மங்கிய கையெழுத்துக்கு 300 வேண்டும். இடம் மிச்சம் என்று கறுப்பு-வெள்ளையில் எடுக்கச் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். டி.பி.ஆர். சார்ட்டில் காய்ச்சலும் நாடித்துடிப்பும் வேறுவேறு மையில் போட்ட கோடுகள். கறுப்பு-வெள்ளையில் இரண்டும் ஒன்றாகிவிடும். பென்சில் குறிப்பு காணாமலே போய்விடும். நர்ஸ் சார்ட்டுக்குப் பின்பக்கமும் எழுத்து இருக்கும், இரு பக்கமும் எடுக்கும் அமைப்பு போட்டிருக்கிறதா என்று காலையில் முதல் கட்டிலேயே பாருங்கள். ஈ.சி.ஜி., ஏ.பி.ஜி. (ரத்த வாயுச் சோதனை) துண்டுகள் சூட்டில் அச்சாகும் தெர்மல் தாள். அவை தானாகவே மங்கும், ஆகவே ஸ்கேன் வரிசையில் அவற்றுக்குத்தான் முதலிடம். லேமினேட் செய்து காப்பாற்றலாம் என்று யாராவது நினைத்தால் தடுத்துவிடுங்கள், சூடு பட்டதும் தாள் முழுக்கக் கறுத்துவிடும். தானியங்கித் தட்டில் போடாமல் கண்ணாடிமேல் வைத்து எடுப்பது நல்லது.

எழுபது பக்கத்தையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி நோயாளி பெயரைப் போட்டு ஏற்றுவதுதான் நான் அதிகம் எச்சரிக்கும் தவறு. அது ரேக்கில் இருந்த கட்டைத் திரைக்குள் வைத்ததுக்குச் சமம், டாக்டர் அதைத் திறந்து உருட்டிக்கொண்டிருக்க மாட்டார். யூ.எச்.ஐ.டி. (நோயாளியின் நிரந்தர நம்பர்), ஐ.பி. நம்பர் (அந்த ஒரு அட்மிஷனுக்கானது), அட்மிஷன் தேதி, ஆவண வகை ஆகிய நான்கும் ஒவ்வொரு பகுதிக்கும் இருக்க வேண்டும். ஆவண வகைக்கு ஒரு பார்கோடு தாள் அடித்து இடையில் செருகினால் மென்பொருளே பிரித்துக்கொள்ளும். கட்டு உள்ளே போகுமுன் பக்க எண்ணிக்கையை எழுதிக்கொள்ளுங்கள். வெளியே வந்த படங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். முதல் வாரம் எல்லாக் கட்டையும், பிறகு பத்துக்கு ஒன்றையும் திறந்து பாருங்கள். ஸ்கேன் ஆன கையோடு பேப்பரைக் கழிக்க வேண்டாம், குறைந்தது ஆறு மாதம் தனி அலமாரியில் இருக்கட்டும்.

இனி நம்பர் குழப்பம். உங்கள் கடிதத்தில் இதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், உயிரோடு விளையாடுவது இதுதான். பேப்பர் காலத்தில் ஒருவருக்கு இரண்டு நம்பர் இருந்தால் பழைய ஃபைல் கிடைக்கவில்லை என்ற அளவோடு போனது. கணினியில் அலர்ஜி ஒரு நம்பரிலும் இன்றைய மருந்துச் சீட்டு இன்னொரு நம்பரிலும் இருந்தால், திரை எச்சரிக்காது.

நம் பெயர்கள் இதற்கென்றே அமைந்தவை. ‘எஸ். முருகன்’, ‘முருகன் எஸ்’, அப்பா பெயரைப் பின்னால் போட்டு ‘முருகன் சுப்பையா’, ஆதாரில் இருப்பதுபோல் ஒன்று என நான்கு நம்பர் ஒரே மனிதருக்குப் போட்டுவிடலாம். லட்சுமியை ஆங்கிலத்தில் எக்ஸ் வைத்து ஒருவர் தட்டுவார், கே-எஸ்-எச் வைத்து இன்னொருவர் தட்டுவார். ஊர்ப்பக்கம் லெட்சுமி என்றே சொல்வார்கள், கேட்டவர் காதில் விழுந்தபடி அதையும் தட்டுவார். வயது கேட்டால் ‘முப்பத்தஞ்சு இருக்கும்’ என்பார்கள். பல மென்பொருள்கள் அதிலிருந்து ஒரு பிறந்த தேதியைத் தானே கணக்குப்போட்டு வைத்துக்கொள்ளும். அடுத்த முறை வந்து முப்பத்தெட்டு என்றால் தேடலில் அகப்படாது. இரவு கேஷுவால்டியில் யாருக்கும் தேட நேரமில்லை, புது நம்பர் போடுவது பத்து விநாடி வேலை.

ஆகவே பதிவு கவுண்டருக்கு ஒரு வரிசை எழுதிக் கொடுங்கள்: முதலில் கைபேசி எண், அதில் வரும் பெயர்கள் எல்லாவற்றையும் பார்ப்பது, அடுத்து பெயரின் முதல் மூன்று எழுத்தும் பிறந்த வருடமும், இரண்டு மூன்று வருடம் முன்பின் விட்டு, மூன்றாவதாக அப்பா அல்லது கணவர் பெயர். மூன்றிலும் இல்லையென்றால்தான் புது நம்பர். ‘நீங்க முருகன்தானே?’ என்று கேட்கக்கூடாது. காது கேளாத பெரியவர் எதற்கும் ஆமாம் என்பார். ‘உங்க பேர் சொல்லுங்க, அப்பா பேர் சொல்லுங்க’ என்று அவர் வாயால் வரவழைக்க வேண்டும். அரசின் 14 இலக்க ஆபா எண் (சுகாதாரக் கணக்கு எண்) வைத்திருப்பவருக்கு அதைச் சேர்த்துக்கொண்டால் பெரிய உதவி. அது கட்டாயம் அல்ல, இல்லாதவரைத் திருப்பி அனுப்பக்கூடாது.

ஏற்கெனவே விழுந்த இரட்டை நம்பரை இணைக்கும் அதிகாரம் கவுண்டரில் இருக்கவே கூடாது, எம்.ஆர்.டி.யில் மட்டும் இருக்க வேண்டும். இருவர் பார்த்து இணைக்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, பால், கைபேசி, முகவரி, அப்பா அல்லது கணவர் பெயர் இவற்றில் குறைந்தது நான்கு பொருந்த வேண்டும்; ரத்த வகை இரண்டிலும் பதிவாகி வேறுவேறாக இருந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். பழைய நம்பர் நிலைக்கட்டும், புதியது அதன் மாற்று நம்பராக உள்ளே இருக்கட்டும். நோயாளி கையில் எந்தச் சீட்டு இருந்தாலும் தேடினால் வர வேண்டும். இணைத்ததை லேப், பார்மஸி, ரேடியாலஜிக்கு எழுத்தில் சொல்லுங்கள். ஸ்கேன் படங்கள் வேறு சர்வரில் இருப்பதால் அங்கே தானாக மாறாது.

இதற்கு எதிர்த் தவறு இன்னும் மோசம்: இருவர் ஒரே நம்பரில் ஏறுவது. கணவர் கைபேசியைக் கொடுத்து மனைவிக்குச் சீட்டு வாங்க, கவுண்டரில் கணவர் நம்பரிலேயே போட்டுவிடுவார்கள். ஆண் பெயரில் மாதவிடாய்க் குறிப்பு வந்தால் கண்ணில் படும். அண்ணன் தம்பி என்றால் படாது. அப்படி ஒன்று தெரிந்தால் அழிக்க முயலாதீர்கள். அந்த நம்பரைப் பூட்டிவைத்து, ஒவ்வொரு குறிப்பையும் எழுதிய டாக்டரிடம் யாருடையது என்று உறுதிப்படுத்திய பிறகு மென்பொருள் நிறுவனம் பிரித்துத் தர வேண்டும். பிறந்த குழந்தைகளையும் கவனியுங்கள். ‘பேபி ஆஃப் லட்சுமி’ என்று போட்ட நம்பர், பெயர் வைத்த பிறகும் அதே நம்பராகத் தொடர வேண்டும். தடுப்பூசிக்கு வரும்போது புதுப் பெயரில் புது நம்பர் போடுவது எங்கும் நடக்கிற தவறு. இரட்டைக் குழந்தை என்றால் பெயரிலேயே 1, 2 சேருங்கள்.

பாஸ்வேர்டு விஷயத்துக்கு வருகிறேன். வாங்காதீர்கள். எவ்வளவு பெரிய டாக்டர் கொடுத்தாலும், எவ்வளவு அவசரமானாலும். நீங்கள் அவர் பெயரில் நுழைந்து ‘ஃபைனல்’ பொத்தானை அழுத்திய நேரமும், எந்த மேசைக் கணினியிலிருந்து என்பதும் பதிவாகும். அந்த நேரத்தில் அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்திருப்பார், தியேட்டர் ரிஜிஸ்டர் அதைச் சொல்லும். வழக்கு வந்தால் அந்த ஒரு முரண்பாடு சம்மரி முழுவதையும் சந்தேகத்துக்குள்ளாக்கும், கேள்வி உங்களை நோக்கித் திரும்பும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது அதோடு ஒரு சான்றிதழும் தர வேண்டும். கணினிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியையும், நிபுணர் ஒருவர் இன்னொரு பகுதியையும் நிரப்பிக் கையெழுத்திடுவார்கள்; ஃபைல் மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் அதில் இருக்கும். முன்போல ‘ஒரிஜினலோடு ஒத்துப்பார்த்தேன்’ என்று முத்திரை குத்தி அனுப்பினால் போதாது. உங்கள் மருத்துவமனையில் இதில் யார் கையெழுத்திடுவது என்பதைச் சம்மன் வருவதற்கு முன்பே வழக்கறிஞரைக் கேட்டு முடிவு செய்துவைக்கச் சொல்லுங்கள்.

முடிக்காத சம்மரிகளுக்கு வேறு வழி இருக்கிறது. தினமும் காலை 9 மணிக்கு, டிஸ்சார்ஜ் ஆகி 24 மணி தாண்டியும் ‘டிராஃப்ட்’ நிலையில் உள்ளவற்றை டாக்டர் வாரியாக எடுத்து மருத்துவக் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். பெயர், நம்பர், எத்தனை மணி நேரம், அவ்வளவுதான். குறை சொல்லும் வரி எதுவும் வேண்டாம். பட்டியல் தினமும் ஒரே நேரத்தில் போனால் அதுவே வேலை செய்யும்.

சரிபார்ப்பு வேலை மாறியிருப்பதை உணர்ந்திருப்பீர்கள். பேப்பரில் குறை என்றால் காலி இடம்: கையெழுத்து இல்லை, தேதி இல்லை. கணினியில் காலி இடமே இருக்காது, எல்லாம் அழகாக நிரம்பியிருக்கும், தவறாக. நேற்றைய குறிப்பை அப்படியே ஒட்டியதால் அறுவை முடிந்த மூன்றாம் நாளிலும் ‘முதல் நாள்’ என்றிருக்கும். டெம்ப்ளேட்டில் எல்லாம் ‘நார்மல்’ என்று வருவதால், ஒரு காலை எடுத்தவருக்கு இரு கால் நாடியும் நன்றாக இருப்பதாகப் பதிவாகும். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டிய இடங்கள் இவை: இடது வலது என்பது ஒப்புதல் படிவம், ஆபரேஷன் நோட், சம்மரி மூன்றிலும் ஒன்றா, அட்மிஷன், டிஸ்சார்ஜ் தேதி பில்லோடு ஒத்துப்போகிறதா, அலர்ஜி கட்டத்தில் உள்ள மருந்து டிஸ்சார்ஜ் மருந்தில் வந்திருக்கிறதா, பயாப்ஸி அனுப்பியிருந்தால் முடிவோ ‘வரவேண்டியுள்ளது’ என்ற வரியோ இருக்கிறதா. தவறு தெரிந்தால் நீங்கள் திருத்தக்கூடாது. எழுதியவருக்குக் குறிப்பு அனுப்பி, அவர் பழையது அழியாமல் தேதியோடு பின்சேர்க்கை போட வேண்டும்.

ஆவணம் கேட்டு வருபவர்கள் விஷயத்தில் மேலே சொன்ன அதே 2002 விதிகள் 72 மணி நேரம் என்று எல்லை வைத்திருக்கின்றன. நோயாளி, அவர் அதிகாரம் கொடுத்த உறவினர், சட்டப்படியான அதிகாரிகள் கேட்கலாம். வேகம் வந்த பிறகு தவறுவது அடையாளச் சோதனையில்தான். ‘மச்சான் வெளிநாட்டில இருக்கார், வாட்ஸ்அப்பில அனுப்பிடுங்க’ என்பார்கள். உங்கள் சொந்தக் கைபேசியிலிருந்து ஒரு பக்கம்கூடப் போகக்கூடாது. விண்ணப்பம், அடையாளச் சான்று, அதிகாரக் கடிதம், எத்தனை பக்கம், யார் வாங்கினார் என்பதைக் கணினியிலேயே பதியுங்கள். மனநலம், எச்.ஐ.வி. பதிவுகளுக்குத் தனி அனுமதி நிலை இருக்கிறதா என்று மென்பொருள்காரரிடம் கேளுங்கள். போக்ஸோ கட்டுகளில் குழந்தையின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது. வெளிநோயாளிப் பட்டியலில் பெயர் ஓடும் டி.வி. திரை உட்பட.

சர்வர் நிற்பது உங்கள் குற்றம் இல்லை, ஆனால் நின்றால் என்ன செய்வது என்பதற்கு எம்.ஆர்.டி.யை விடப் பொருத்தமான பிரிவு கிடையாது, ஏனென்றால் பேப்பரில் மருத்துவமனை நடத்தத் தெரிந்தவர்கள் நீங்கள்தான். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் ரான்சம்வேர் (பூட்டிவிட்டுப் பணம் கேட்கும்) தாக்குதலில் முடங்கியபோது, இரண்டு வாரம் போலப் பதிவு, அட்மிஷன், லேப் எல்லாம் கையால் நடந்தன. உங்கள் ஊரில் பெரும்பாலும் காரணம் இதைவிட எளியதாக இருக்கும்: மேசைக் கணினிக்கு யூ.பி.எஸ். இருக்கும், தாழ்வாரத்துச் சுவரில் உள்ள நெட்வொர்க் சுவிட்சுக்கு இருக்காது. மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் சில விநாடியில் அது அணைந்து எழுவதற்குள் எல்லோருக்கும் ‘சர்வர் டவுன்’. அந்தப் பெட்டிகள் எத்தனை, எவற்றுக்கு யூ.பி.எஸ். இல்லை என்று ஐ.டி. ஆளோடு ஒரு சுற்று நடந்து எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு வார்டிலும் ஒரு பெட்டி வையுங்கள்: முன்கூட்டியே அச்சிட்ட தற்காலிக நம்பர் உள்ள அட்மிஷன் படிவம் 20, மருந்து சார்ட் 30, லேப் கோரிக்கைச் சீட்டு ஒரு புத்தகம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்நோயாளிப் பட்டியலும் அலர்ஜியும் நடப்பு மருந்தும் தனியாக நிற்கும் ஒரு கணினியில் சேமிக்கப்பட வேண்டும், நெட்வொர்க் இல்லாமலும் அது திறக்க வேண்டும். சர்வர் வந்த பிறகு முதலில் ஏற்ற வேண்டியது கொடுத்த மருந்துகள், அடுத்து லேப் முடிவு, பிறகுதான் மற்றவை. நடந்த நேரம் வேறு, தட்டிய நேரம் வேறு, இரண்டையும் பதியுங்கள். அந்தப் பேப்பரைக் கிழித்துவிடாமல் கேஸ் ஷீட்டில் சேருங்கள், அன்றைய மூலம் அதுதான்.

பிரிவு மூடப்படுமா என்று கேட்டீர்கள். ரேக்கிலிருந்து எடுத்து ஓ.பி.க்குக் கொண்டுபோய்த் திரும்ப அடுக்கும் வேலை போய்விடும், அதை மறைப்பதில் பயனில்லை. கடைசி இரண்டு இலக்கம் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு ஃபைல் எடுக்கும் உங்கள் கைப்பழக்கத்துக்கு இனி விலை இல்லை. நம்பர் இணைப்பு, சம்மரி சரிபார்ப்பு, ஆவணம் வழங்கல், கோடிங் (நோய்க்குக் குறியீட்டு எண் போடுவது), யார் யாருடைய பதிவைத் திறந்தார்கள் என்ற தணிக்கை ஆகியவை கூடும். இவற்றுக்கு இப்போது உங்கள் மருத்துவமனையில் பெயர் சொல்ல ஆள் இல்லாததால், கணக்கில் வராத வேலையாக நீங்களே செய்துகொண்டிருக்கிறீர்கள். இருவரை மாற்றுவது பற்றிய பேச்சுக்குப் பதில் சொல்ல வாதம் வேண்டாம், எண்ணிக்கை வேண்டும். நான்கு வாரம் தினமும் இவற்றைக் குறியுங்கள்: இறக்கிய பழைய ஃபைல், வந்த ஆவணக் கோரிக்கை, கோரிக்கையிலிருந்து கையில் கொடுக்க ஆன நேரம், கண்டுபிடித்த இரட்டை நம்பர், திருப்பி அனுப்பிய சம்மரி, இன்சூரன்ஸ் திரும்பக் கேட்ட கேள்விகள். கடைசியாகச் சொன்னதை நிர்வாகம் உடனே புரிந்துகொள்ளும், பணம் நின்றுபோகிற இடம் அது.

கற்றுக்கொள்ள ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஐ.சி.டி.-10 (உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியல்) கோடிங் என்பேன். ஐ.சி.டி.-11 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது, ஆனால் உங்கள் மென்பொருளில் இப்போது இருப்பது 10ஆகத்தான் இருக்கும். அதைப் பிடித்தவருக்கு அடுத்தது கடினம் இல்லை. மென்பொருள் தானே கோடு (குறியீடு) காட்டுகிறதே என்பார்கள். டாக்டர் அட்மிஷனில் காய்ச்சல் என்று தட்டியதும் பட்டியலில் முதலில் வருவது ஆர்50.9, காரணம் தெரியாத காய்ச்சல். மறுநாள் டெங்கு பாசிட்டிவ் வந்து நான்கு நாள் படுத்துப் போயிருப்பார், சம்மரியில் டெங்கு என்றே இருக்கும், கோடு மட்டும் முதல் நாளிலேயே நின்றிருக்கும். அது ஏ97 ஆக வேண்டும். பழைய பதிப்பை வைத்திருக்கும் மென்பொருளில் டெங்குவுக்கு ஏ90 என்றே இருக்கக்கூடும், எந்தப் பதிப்பு என்று பாருங்கள். கேஸ் ஷீட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கத் தெரிந்த ஒருவருக்குத்தான் இந்த வித்தியாசம் பிடிபடும், 16 வருடத்தில் நீங்கள் அதை எத்தனை ஆயிரம் முறை செய்திருப்பீர்கள் என்று கணக்குப் பாருங்கள். இதோடு எக்ஸெலில் வடிகட்டவும் பிவட் (தொகுப்பு அட்டவணை) போடவும் தெரிந்துகொண்டால், மேலே சொன்ன பட்டியல்களை யாரையும் கேட்காமல் நீங்களே எடுத்துவிடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். மென்பொருள் ஒப்பந்தத்தில், நிறுவனத்தை மாற்றும் நாளில் பதிவுகள் எல்லாம் எந்த வடிவத்தில், எத்தனை நாளில், எந்தக் கட்டணத்துக்குத் திரும்பக் கிடைக்கும் என்ற வரி இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த புதுப்பிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். அதுவரை ரெக்கார்ட் அறைக்குக் கரையான் மருந்து அடிக்கும் ஒப்பந்தத்தை மட்டும் யாரும் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.